பிஆர்டி நிலையத்தின் அருகே கலப்புக் கட்டடம்: எதை முதலில், எதைப் பிறகு

நிலத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்கள் உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இதுல எத்தன வீடு வரும்?" தனித்தடத்தில் ஓடும் விரைவுப் பஸ்ஸான பிஆர்டியின் நிலையம் பக்கத்தில் இருக்கிறது, அதனால் உயர்த்திக் கட்டலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் திட்டமிடல் பட்டதாரிகளும் அதே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். பிளாட் ரேஷியோவை (நிலத்தைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற விகிதம்) நிலப்பரப்பால் பெருக்கி, வீடுகளை அடுக்கி, கார் நிறுத்துமிடத்தைக் கீழே திணித்து, மீதம் இருக்கும் மூலையில் கடைகளையும் நடைபாதையையும் வைப்பார்கள். கட்டி முடித்த பிறகு அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் நிலையத்துக்குக் காரில் போவார்கள்.

வீட்டு எண்ணிக்கை இந்த வழிகாட்டியில் ஒன்பதாவது படியாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருக்கும் எட்டையும் தாண்டிக் குதித்தவர்கள் திரும்பி வந்து வரைபடத்தைக் கிழித்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன். நானும் கிழித்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளைச் சன்வே வழித்தடத்திலிருந்து எடுக்கிறேன். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று உண்மையில் ஓடும் பிஆர்டி அதுதான். 2015 ஜூனில் திறந்தது, 5.4 கிலோமீட்டர், ஏழு நிலையங்கள், மின்சாரப் பஸ்கள், கிட்டத்தட்ட முழுத் தடமும் தூண்கள் மேல். ஒரு முனை செத்தியா ஜெயாவில் கேடிஎம் கொமுட்டர் ரயிலோடும், மறுமுனை யூஎஸ்ஜே 7இல் கிளானா ஜெயா எல்ஆர்டி ரயிலோடும் சேர்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: கிராண்டின் (நில உரிமைப் பத்திரத்தின்) நகல், நில அலுவலகத்தில் அண்மையில் எடுத்த தேடல் அறிக்கை, அந்தப் பகுதியில் எங்கே என்ன கட்டலாம் என்று உள்ளாட்சி மன்றம் வகுத்த உள்ளூர்த் திட்ட வரைபடம், நில அளவையாளரின் மட்ட அளவீடு, ஒரு குடை, நல்ல செருப்பு. கடைசி இரண்டும் விளையாட்டுக்குச் சொன்னவை அல்ல.

1. வழித்தடம் நிஜமா என்று பாருங்கள்

பெடரல் நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ஒரு பிஆர்டி வரும் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். அதை நம்பி விலை பேசியவர்களும் உண்டு. பஸ் இன்னும் ஓடவில்லை. எனவே முதல் வேலை, உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஓடும் தடமா, கட்டிக்கொண்டிருக்கும் தடமா, கோடு மட்டும் போட்ட தடமா என்று பிரிப்பது. கோடு மட்டும் என்றால், அந்தத் தடம் வராவிட்டாலும் காலூன்றி நிற்கும் கட்டடத்தைத் திட்டமிடுங்கள்.

அடுத்து, பிஆர்டி என்று பலகையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. தனித்தடம், ஏறுவதற்கு முன்பே கட்டணம், நடைமேடையும் பஸ் தரையும் ஒரே மட்டம், சந்திப்புகளில் பஸ்ஸுக்கு முன்னுரிமை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். சாலையில் பெயின்ட் அடித்துப் பிரித்த பஸ் பாதையை நாளைக்கு ஒரு கூட்டத்தில் அழித்துவிடலாம். தூண் மேல் போகும் தடத்தை அப்படி நகர்த்த முடியாது. பல பத்தாண்டுகள் நிற்கப்போகும் கட்டடத்தை எதன் மேல் பந்தயம் கட்டுகிறீர்கள் என்பதில் இந்த வேறுபாடு முக்கியம்.

2. கிராண்டைக் கடைசி வரி வரை படியுங்கள்

நில வகை என்ன, வெளிப்படை நிபந்தனையாகிய 'ஷாராட் ஞாத்தா' என்ன சொல்கிறது, 'செகாத்தான் கெபெந்திங்கான்' என்ற கட்டுப்பாடு உண்டா, நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம், மலாய் ஒதுக்கீட்டு நிலமா, இவை எல்லாம் அந்தத் தாளில் இருக்கின்றன. விவசாயம் என்றோ, குடியிருப்புக் கட்டடம் மட்டும் என்றோ எழுதியிருந்தால், கடையும் வீடும் கலந்து கட்ட நிபந்தனையை மாற்ற வேண்டும். அதற்கு அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். அந்தத் தொகை தெரியாமல் போடும் எந்தக் கணக்கும் கணக்கல்ல.

நம்மவர்களிடம் அடிக்கடி வரும் சிக்கல் வேறொன்று. கிராண்டு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். ஐந்து பிள்ளைகள், அதில் இருவர் இல்லை, அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர் ஈப்போவில், ஒருவர் ஆஸ்திரேலியாவில். "அண்ணே, முதல்ல பேர மாத்திட்டு வாங்க" என்று சொன்னால் முகம் சுருங்கும். ஆனால் வாரிசு உரிமை தீராமல் விண்ணப்பத்தில் கையெழுத்திட ஆள் கிடையாது. வரைபடத்துக்குச் செலவழித்த பிறகு இதைக் கண்டுபிடித்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். வழக்கு முடிவதற்குள் உள்ளூர்த் திட்டமே மாறிவிட்டது.

3. மண்ணும் தண்ணீரும்

இதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன், பொறியாளர் வேலை என்பதால். பண்டார் சன்வே பழைய ஈயச் சுரங்க நிலம். கோலாலம்பூரின் பல பகுதிகளுக்கு அடியில் பொந்துகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. மண் சோதனையை நிலம் வாங்கிய பிறகு செய்யாதீர்கள், வாங்கும் முன் செய்யுங்கள். நிலத்தடிக் கார் நிறுத்துமிடம் சாத்தியமா என்பதை இந்த அறிக்கைதான் முடிவு செய்கிறது. அது எட்டாவது படியை நேராகத் தொடுகிறது.

மழைநீருக்கு வடிகால் இலாகாவின் மஸ்மா கையேட்டின்படி நிலத்துக்குள்ளேயே தேக்கம் வைக்க வேண்டிவரும். அந்தத் தொட்டிக்கு இடம் வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதை யாரும் சம்பிரதாயமாகப் பார்ப்பதில்லை.

4. நடந்து பாருங்கள், மூன்று முறை

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

நிலையத்தை நடுவில் வைத்து 400 மீட்டரில் ஒரு வட்டம் போடுவது வழக்கம். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் வட்டம் காகத்துக்குத்தான் பொருந்தும். மனிதர்கள் வேலியைச் சுற்றி, லோங்காங்கை (சாக்கடை வாய்க்காலை) தாண்டி, ஆறு வழிச் சாலையைக் கடந்து போக வேண்டும். நான் முதன்முதலில் தனியாகக் கையாண்ட நிலத்தில் வரைபடத்தில் 180 மீட்டர் என்று குறித்தேன். நேரில் போனால் நடுவே ஒரு பெரிய மழைநீர்க் கால்வாய், பாலம் அந்தப் பக்கக் கோடியில். உண்மையான நடை 520 மீட்டர். அறிக்கை அதற்குள் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது காதுமடல் சூடாகும்.

முதல் நடை காலை ஏழு மணிக்கு. நிலத்தின் வாசல் வரப்போகும் இடத்திலிருந்து நிலையத்தின் கட்டண வாயில் வரை நேரம் பாருங்கள். கட்டண வாயில் வரை என்பதைக் கவனியுங்கள். உயரத்தில் இருக்கும் நிலையத்தில் படியேறும் நேரமும் நடைதான். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் அது 160 மீட்டர் நடந்ததற்குச் சமம், அதையும் தூரத்தோடு கூட்டுங்கள்.

இரண்டாவது நடை பிற்பகல் நான்கு மணிக்கு, முடிந்தால் இடிமழையில். நம் ஊரில் மாலை மழை விருந்தாளி அல்ல, வீட்டுக்காரன். கூரை எங்கே அறுபடுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, மோட்டார் சைக்கிள்கள் மழைக்கு ஒதுங்கி நடைபாதையை எங்கே அடைக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் கூரை இல்லாத இடைவெளி போதும், முழுப் பாதையும் வீணாகிவிடும். ஏனென்றால் நனைவது பத்து மீட்டரிலும் நனைவதுதான்.

மூன்றாவது நடை இரவு பத்து மணிக்கு. முடிந்தால் உங்கள் அக்காவையோ தங்கையையோ மனைவியையோ அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் ஒன்றுமில்லை என்று நினைக்கும் திருப்பத்தில் அவர்கள் நடையை வேகப்படுத்துவார்கள். அந்த இடத்தில் ஒரு கடையோ, விளக்கோ, பார்வையில் இருக்கும் காவலர் மேசையோ வேண்டும்.

இந்த மூன்று நடைகளும் முடிந்த பிறகு, நிலத்தின் எந்த மூலையிலிருந்து மக்கள் உள்ளே நுழைவார்கள் என்பது தெரிந்துவிடும். அந்தப் புள்ளியை வரைபடத்தில் சிவப்பில் குறியுங்கள். இனி வருவதெல்லாம் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான்.

5. நிலையத்தின் நேரத்தைப் படியுங்கள்

கலப்புக் கட்டடம் என்றால் கீழே கடை, மேலே வீடு என்று முடித்துவிடுகிறார்கள். எதைக் கலக்க வேண்டும் என்பதை நிலையம்தான் சொல்ல வேண்டும்.

சன்வே தடத்திலேயே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு முகம். சன்மெட் நிலையம் மருத்துவமனையை ஒட்டியது. தாதியர் ஷிப்ட் மாறும் நேரங்களில் ஆள் வரும், நோயாளியைப் பார்க்க வருபவர்கள் மாலையில் வருவார்கள், ஞாயிறும் வேலை நாள்தான். அடுத்த நிலையம் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. பருவ விடுமுறை விட்டால் கூட்டம் கரைந்துவிடும். சன்வே லகூன் நிலையம் வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் உயிர்பெறும். மெந்தாரி, சவுத் குவே பக்கம் குடியிருப்புகள், காலை போய் மாலை திரும்பும் கூட்டம்.

பல்கலைக்கழக நிலையத்தருகே மாணவர் விடுதி அறைகளையே நூற்றுக்கணக்கில் கட்டி, கீழே உணவுக் கடைகளை வைத்தால், விடுமுறை மாதங்களில் கடைக்காரர் வாடகை கட்ட முடியாமல் தவிப்பார். அங்கே சேர்க்க வேண்டியது ஆண்டு முழுவதும் இருக்கும் ஆட்கள்: குடும்ப வீடு, கிளினிக், சிறு அலுவலகம். மருத்துவமனைப் பக்கம் என்றால் இரவு உணவும் மருந்தகமும் குறுகிய காலம் தங்கும் அறையும் ஓடும். ஒரு தாளில் காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை கட்டம் போட்டு, ஒவ்வொரு மணியிலும் வாசலைக் கடப்பவர் யார் என்று எழுதுங்கள். காலியாக இருக்கும் கட்டங்களை நிரப்பும் பயன்பாடு எதுவோ அதைச் சேருங்கள்.

6. பஸ்ஸில் இடம் இருக்கிறதா?

ரயிலுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பிஆர்டிக்குப் போடுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. ஒரு பஸ் ஒரு ரயில் அல்ல.

கணக்கைக் கையாலேயே போடலாம். 12 மீட்டர் பஸ்ஸில் நிற்பவர்களையும் சேர்த்து 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 15 பஸ், ஒரு திசையில் 900 பேர். உங்கள் நிலையத்துக்கு வரும்போதே மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருந்தால் மிச்சம் 300 இடம். ஆயிரம் வீடுகள் கட்டி, வீட்டுக்குச் சராசரி இரண்டரை பேர் இருந்து, அவர்களில் 700 பேர் காலை உச்ச நேரத்தில் கிளம்பி, அதில் பாதிப் பேர் ஒரே திசையில் பஸ்ஸுக்கு வந்தால், 350. உங்கள் ஒரு கட்டடமே தடத்தை நிரப்பி, ஐம்பது பேரை நடைமேடையில் விட்டுவிடும்.

இவை பயிற்சிக்கான எண்கள்தான். உண்மையான இடைவெளியையும் நெரிசலையும் காலையில் நடைமேடையில் நின்று நீங்களே எண்ணுங்கள். நாம் ஒரு வாரம் எண்ணியதை வைத்துப் பேசினால் இயக்குபவரிடம் போகும்போது மரியாதை வேறு. கணக்கு இடித்தால் தீர்வு வீடுகளைக் குறைப்பது மட்டுமல்ல. அலுவலகம், வகுப்பறை, கிளினிக் ஆகியவை காலையில் எதிர்த்திசையில் ஆள் இழுக்கும். காலியாகத் திரும்பும் பஸ்ஸில் ஆள் ஏறுவார்கள்.

7. முகப்பு மீட்டர்களைப் பங்கிடுங்கள்

இதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு மூத்த ஆர்க்கிடெக்ட் டீக்கடையில் டிஷ்யூ தாளில் போட்டுக் காட்டினார்.

4,000 சதுர மீட்டர் நிலம், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். சாலையைப் பார்த்த முகப்பு 50 மீட்டர். கார் நுழைந்து வெளியேற 8 மீட்டர், லாரியும் குப்பை அறையும் 6, மின்சாரத் துணை நிலையம் 8, தீயணைப்பு வண்டிக்கு 6, வீடுகளுக்கான லாபி 6. கூட்டினால் 34. நடந்து வருபவர் பார்க்கும் கடை முகப்பு 16 மீட்டர் மட்டும். மாடிகளை அடுக்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் தூண்களும் சாய்தளமும் இடம் பிடித்துவிட்டிருக்கும்.

அதனால் முதலில் ஒரு கோடு போட்டு 50 மீட்டரையும் பங்கு பிரியுங்கள். லாரி வழியும் தீயணைப்பு வழியும் ஒன்றாக முடியுமா? துணை நிலையத்தைப் பக்கச் சாலைக்குத் திருப்பலாமா? மின்சார நிறுவனமான டிஎன்பிக்கும் தீயணைப்புத் துறையான போம்பாவுக்கும் அவரவர் விதிகள் உண்டு, வண்டி வந்து போக வழி இல்லாமல் ஒப்ப மாட்டார்கள். எனவே பேச்சை ஆரம்பத்திலேயே தொடங்குங்கள். இரண்டும் சரிப்பட்டால் மேலே சொன்ன நிலத்தில் கடை முகப்பு 30 மீட்டர் ஆகும்.

கார் நுழைவாயிலை நான்காவது படியில் குறித்த சிவப்புப் புள்ளிக்கு முடிந்தவரை தூரமாக வையுங்கள். நடப்பவரும் காரும் ஒரே இடத்தில் குறுக்கிட்டால், தோற்பது எப்போதும் நடப்பவர்.

கடைகளைச் சிறிதாக வெட்டுங்கள். ஒரே பெரிய கடையின் கண்ணாடிச் சுவரைக் கடப்பதைவிட ஆறு சிறு கடைகளைக் கடக்கும்போது தூரம் குறைவாகத் தெரியும். முன்னால் கூரையோடு அகன்ற நடைவழி விடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் கடைவீடுகளின் அஞ்சடியில் (கடைமுன் கூரையிட்ட நடைவழியில்) மழைக்கு ஒதுங்கிக்கொண்டே நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அந்த அஞ்சடியிலேயே பூக்கடைக்காரர் மேசையை நீட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதனால் மேசை போட ஒரு பட்டையையும் நடக்க ஒரு பட்டையையும் தரையிலேயே வேறு நிறக் கல்லில் பிரித்துவிடுங்கள்.

அப்புறம், புகைபோக்கி. கீழே உணவுக் கடை வரும் என்று எல்லாரும் சொல்வார்கள், சமையல் புகையைக் கூரை வரை கொண்டுபோகும் குழாய்க்கு இடம் விட யாருக்கும் தோன்றாது. நான் பார்த்த ஒரு கட்டடத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கேட்டு வந்தவரை அதனாலேயே திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கு அந்த வரிசையில் இரண்டு கைத்தொலைபேசிக் கடைகள், ஒரு காலி ஷட்டர். எண்ணெய் பிடிக்கும் தொட்டிக்கும் இதே கதைதான்.

8. எந்த மாடி தரைத்தளம்? கார் எங்கே?

தரையோடு ஓடும் பிஆர்டியில் இந்தக் கேள்வி எழாது. தூண் மேல் ஓடும் தடத்தில் எழும். நடைமேடை இரண்டாவது மூன்றாவது மாடி உயரத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கட்டடங்களில் அதே உயரத்தில் என்ன இருக்கும்? கார் நிறுத்தும் மாடிகள். பயணி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பார்ப்பது காங்கிரீட் சல்லடையும் காரின் பின்விளக்கும்தான்.

தடத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் அந்த மாடிகளை ஆறேழு மீட்டர் ஆழத்துக்கு அலுவலகம், டியூஷன் மையம், கிளினிக் என்று உடுத்திவிடுங்கள். கார்கள் அதற்குப் பின்னால் ஒளியட்டும். வீடுகளின் படுக்கையறை சன்னலைத் தடத்தின் உயரத்தில் வைக்காதீர்கள். மின்சாரப் பஸ் சத்தம் குறைவுதான், ஆனால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அறுபது பேர் எட்டிப் பார்ப்பது இனிமையான விஷயம் அல்ல.

நிலையத்திலிருந்து நேரே இணைப்புப் பாலம் போடலாமா என்று எல்லாரும் ஆசைப்படுவார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அதைப் போல எதுவும் இல்லை. கேஎல் சென்ட்ரலிலிருந்து மோனோரயிலுக்குப் போகும்போது நியூ சென்ட்ரல் வளாகத்துக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அதே நேரம், உள்ளே நடக்கும் கால்கள் தெருவில் இருக்கும் கடைக்கு வருவதில்லை. பாலம் உண்டு என்றால் கடைகளைப் பாலத்தின் மட்டத்துக்கும் தெருவுக்கும் பிரித்து வைக்கும் துணிவு வேண்டும். இரண்டு மட்டத்தையும் நிரப்பும் அளவுக்கு ஆள் இல்லை என்றால் பாலத்தை விட்டுவிடுங்கள், தெருவுக்கு இறங்கும் கூரையிட்ட படியும் லிப்டும் போதும். என் விருப்பம் பெரும்பாலும் பின்னதுதான், அலுவலகத்தில் இதில் எனக்கு எதிர்ப்பு உண்டு.

இனி காரின் எண்ணிக்கை. ஓட்டுவழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 30 சதுர மீட்டர் போகிறது, ஒரு சிறிய ஸ்டூடியோ வீட்டின் அளவு. 200 கார் என்றால் 6,000 சதுர மீட்டர். இவ்வளவு இடத்தையும் காருக்குக் கொடுத்துவிட்டு, நிலையத்தருகே இருக்கிறோம் என்று விளம்பரம் போடுவதில் அர்த்தம் இல்லை. நிலையத்தருகே குறைத்து வைக்க உள்ளாட்சி மன்றம் இணங்குமா என்று விண்ணப்பத்துக்கு முந்தைய சந்திப்பிலேயே கேளுங்கள். கேட்காதவர்களுக்கு முழு எண்ணிக்கைதான். பகலில் அலுவலகத்தாரும் இரவில் குடியிருப்போரும் ஒரே இடங்களைப் பகிர்வதையும் கணக்கோடு காட்டுங்கள்.

இங்கே ஒரு சட்டக் கண்ணி உண்டு. அடுக்குமாடியில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி உரிமை தரும் ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டப்படி, கார் இடத்தை ஒரு வீட்டின் துணைப் பகுதியாகப் பதிந்துவிட்டால் அதை வீட்டிலிருந்து பிரித்து விற்கவோ வாங்கவோ முடியாது. கார் இல்லாத குடும்பமும் அந்த இடத்துக்குச் சேர்த்தே பணம் கொடுத்திருக்கும், அது சும்மா கிடக்கும். ஒரு பகுதியையாவது பொதுச் சொத்தாக வைத்து மாத வாடகைக்கு விடும்படி அமையுங்கள். கார் மாடிகளின் தளத்தைச் சாய்வாக அமைக்காமல் சமமாக, உயரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால், பின்னொரு நாள் அவற்றை வேறு பயனுக்கு மாற்றலாம்.

மோட்டார் சைக்கிளுக்கும் உணவு கொண்டுவரும் பையன்கள் காத்திருக்கவும் கூரையோடு இடம் விடுங்கள். விடாவிட்டால் அவர்கள் நிற்கப்போவது உங்கள் அருமையான நடைவழியில்.

9. இப்போது வீடுகளை எண்ணுங்கள்

இப்போதுதான் நிலத்தோடு வந்தவர் உட்கார்ந்ததும் கேட்ட கேள்விக்கு வருகிறோம். 4,000 சதுர மீட்டர் நிலம், பிளாட் ரேஷியோ 4 என்று கொள்வோம். மொத்தத் தளப்பரப்பு 16,000. நடைக்கூடம், லிப்ட், படிக்கட்டு போக முக்கால் பங்கு, 12,000 சதுர மீட்டர் விற்கவோ வாடகைக்கு விடவோ கிடைக்கும். கடைகளுக்கு 1,500, தடத்தைப் பார்த்த அலுவலகம், கிளினிக் வகைக்கு 2,500. மீதி 8,000. வீடு சராசரி 70 சதுர மீட்டர் என்றால் 114 வீடுகள்.

கேட்டவர் மனதில் 200 என்று இருந்திருக்கும். அங்கேதான் இழுபறி. சதுர அடியைக் குறைத்து எண்ணிக்கையை ஏற்றலாம், ஆனால் கார் எண்ணிக்கையும் ஏறும், ஆறாவது படியின் பஸ் கணக்கும் ஏறும். கார் நிறுத்தும் தளங்களைப் பிளாட் ரேஷியோவில் சேர்ப்பார்களா, மலிவு விலை வீட்டுக் கட்டாயம் உண்டா என்பதை உங்கள் மன்றத்திடமும் மாநிலத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். உள்ளூர்த் திட்டம் அடர்த்தியை ஏற்றியதால் நில மதிப்பு கூடியிருந்தால், 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்க இடம் தருகிறது. அதையும் செலவில் எழுதுங்கள்.

10. விண்ணப்பம்: எங்கே, எப்போது

எல்லைக் கோட்டைப் பாருங்கள். கோலாலம்பூருக்குள் என்றால் 1982ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்), கிடைப்பது மேம்பாட்டு ஆணை. சிலாங்கூர் என்றால் 1976ஆம் ஆண்டுச் சட்டம், எல்லா விண்ணப்பங்களையும் ஒரே இடத்தில் பெறும் ஓஎஸ்சி முகப்பு, கிடைப்பது 'கெபெனாரான் மெரான்சாங்' என்ற திட்டமிடல் அனுமதி, அலுவலகப் பேச்சில் கேஎம். சன்வே தடம் ஐந்தரைக் கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒரு முனை பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தில், மறுமுனை சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தில். பக்கத்து நிலையத்தில் கிடைத்த சலுகை உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள்.

நிலையத்தை ஒட்டிய நிலம் என்றால் தடத்தை இயக்குபவரிடமும் தரைவழிப் பொதுப் போக்குவரத்து முகமையான அபாட்டிடமும் மன்றத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். கிரேன் கை தடத்தின் மேல் சுழலலாமா, அஸ்திவாரத்தைத் தூணுக்கு எவ்வளவு அருகில் தோண்டலாம், பராமரிப்பு வண்டிக்கு எவ்வளவு விட வேண்டும் என்ற பதில்கள் கட்டடத்தின் கோட்டையே நகர்த்திவிடும். போக்குவரத்துத் தாக்க ஆய்வில் கார்களை மட்டும் எண்ணித் தரும் ஆலோசகர்கள் உண்டு. நடப்பவர்களையும் பஸ் பயணிகளையும் எண்ணச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கேஎம் கிடைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காத பட்சத்தில் அது காலாவதியாகும். வங்கிக் கடன் கைக்கு வராமல், நில நிபந்தனை மாறாமல், அவசரப்பட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பதால் பயன் இல்லை.

அக்கம்பக்கத்தாரிடம் அறிவிப்புப் பலகை வருவதற்கு முன்பே பேசுங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் நியாயமானதுதான்: நிழல், தூசி, தங்கள் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) வந்து நிற்கும் வெளியாள் கார்கள். பக்கத்தில் கோயில் இருந்தால் திருவிழா நாளில் எந்தப் பாதை அடைபடும் என்று கமிட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

11. யார் நிர்வகிப்பார்கள்?

சாவி கொடுப்பதற்கு மூன்று மாதம் முன்னால் யோசிக்கும் விஷயம் அல்ல இது, வரைபடத்தோடு சேர்ந்தே முடிவாக வேண்டும். ஸ்ட்ராட்டாவில் பராமரிப்புக் கட்டணம் பங்கு அலகுகளின்படி பிரிகிறது. பங்கு அலகு, பரப்போடு பயன்பாட்டு வகையையும் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. கடைக்காரர் நீச்சல்குளத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும், வீட்டுக்காரர் கடையின் எண்ணெய்த் தொட்டிக்கு ஏன் கட்ட வேண்டும் என்ற சண்டை முதல் பொதுக்கூட்டத்திலேயே வெடிக்கும். வீடுகளின் லிப்ட், லாபி, குழாய், மீட்டர் ஆகியவற்றைக் கடைகளிடமிருந்து கட்டமைப்பிலேயே பிரித்து வரைந்தால், பின்னால் வரையறுக்கப்பட்ட பொதுச் சொத்தாக (ஒரு பகுதியினருக்கு மட்டும் உரிய பொதுச் சொத்தாக) பிரித்து, அதற்கென்று ஒரு துணை நிர்வாகக் கழகம் அமைப்பது எளிது. குழாய்கள் பின்னிக்கிடந்தால் எந்த வக்கீலாலும் பிரிக்க முடியாது.

கடைகளை ஒவ்வொன்றாக விற்காமல் ஒரே கையில் வைத்து வாடகைக்கு விடச் சொல்வேன். விற்றால் பணம் உடனே வரும் என்பது உண்மை. ஆனால் முப்பது உரிமையாளர் ஆளுக்கொரு பக்கம் வாடகைக்கு விட்டால், ஐந்தாவது படியில் போட்ட நேரக் கட்டம் காற்றில் போய்விடும். மருந்தகம் வர வேண்டிய இடத்தில் நான்காவது முடிதிருத்தகம் வரும்.

கடைசியாக, நிலையத்துக்குப் போகும் நடைவழியின் கதவு. அது உங்கள் நிலத்துக்குள் இருந்தால், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுவது, விளக்குச் செலவு யாருடையது, லிப்ட் பழுதானால் யார் பார்ப்பது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலும் இயக்குபவரோடு செய்யும் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். எழுதாத ஓரிடத்தில், முதல் பொதுக்கூட்டம் முடிந்த அடுத்த வாரமே பாதுகாப்புக்கு என்று சொல்லி இரவு ஒன்பதரைக்குப் பூட்டுப் போட்டார்கள். தடத்தில் பஸ் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கியவர்கள் கட்டடத்தைச் சுற்றி, கார் சாய்தளம் வழியாக உள்ளே நடந்தார்கள்.